கொருக்குப்பேட்டைக்கு 144 எழுத்து: பைத்தானின் முகவரி பிரிக்கும் மாட்யூல் தேறுமா?

காசிமேட்டு மீனுக்கு ஆர்டர் எடுக்கும் வெப்சைட், திருவொற்றியூர் யார்டுக்கு லாரி வருகைப் பதிவு என்று எதைப் பைத்தானில் எழுதினாலும், லிங்க்கைப் பிரிக்க முதலில் கைக்கு வருவது யுஆர்எல்லிப்.பார்ஸ். 2008-இல் பைத்தான் 3 வந்தது முதல் இந்தப் பெயரில் கூடவே வருகிறது. தனியாக இன்ஸ்டால் செய்ய வேண்டாம், காசு கிடையாது, டாக்குமெண்டேஷனும் நேர்மையானது. 5-க்கு 3 கொடுக்கலாம். குறைத்த 2 மதிப்பெண்ணுக்குக் காரணம் நிறைய இருக்கிறது.

கீழே எடுத்துக்காட்டுகளில் வரும் உதாரணம்.பரிட்சை என்பது, தமிழ் டொமைன் வேலை செய்கிறதா என்று பார்க்க, டொமைன் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பு 2007-இல் வைத்த பெயர். இப்போது புழக்கத்தில் இல்லை. யாருடைய கடைக்கும் போய்ச் சேராது.

வேலை எளிது. யுஆர்எல்ஸ்ப்ளிட் ஒரு முகவரியை ஐந்தாக வெட்டும்: ஸ்கீம் (எச்டிடிபி போன்ற தொடக்கம்), நெட்லாக் (டொமைன் இருக்கும் பகுதி), பாத் (டொமைனுக்குப் பின் / தொடங்கி வருவது), குவெரி (?-க்குப் பின் வருவது), ஃப்ராக்மென்ட் (#-க்குப் பின் வருவது). யுஆர்எல்பார்ஸ் ஆறாக வெட்டும். அந்த ஆறாவது துண்டான பாராம்ஸ் இன்று யாருக்கும் தேவைப்படுவதில்லை. புதிதாக எழுதுகிறவர்கள் ஸ்ப்ளிட்டையே எடுங்கள்.

சிக்கல் வெட்டும் விதியில் இருக்கிறது. சென்னையில் ஒரே கதவில் பழைய எண், புதிய எண் இரண்டும் எழுதியிருக்கும். கூரியர்காரர் ஒன்றைப் பார்த்து வருவார், கேஸ் சிலிண்டர்காரர் இன்னொன்றைப் பார்த்துப் பக்கத்துத் தெருவுக்குப் போய்விடுவார். இணைய முகவரிக்கும் அப்படி இரண்டு கணக்கு உண்டு: 2005-இல் வந்த ஆர்எஃப்சி 3986 என்ற இணையத் தர ஆவணம் ஒன்று, பிரவுசர்கள் பின்பற்றும் வாட்டபிள்யூஜி (WHATWG) குழுவின் விதி மற்றொன்று. பைத்தான் முதலாவதில் நின்றுகொண்டு, பாதுகாப்புப் புகார் வரும்போதெல்லாம் இரண்டாவதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கடன் வாங்குகிறது. இரண்டிலும் முழுசாக இல்லை.

இதனால் என்ன ஆகும் என்பதற்கு பேக்ஸ்லாஷை விட நல்ல சாட்சி இல்லை. எச்டிடிபி://அயல்.பரிட்சை\@உதாரணம்.பரிட்சை/ என்று ஒரு லிங்க் வருகிறது என்று வையுங்கள். யுஆர்எல்ஸ்ப்ளிட்டுக்கு \ சாதாரண எழுத்து. @-க்கு முன்னால் இருப்பதெல்லாம் யூசர் பெயர் என்று எடுத்துக்கொண்டு, ஹோஸ்ட்நேம், அதாவது போய்ச் சேரும் டொமைன், உதாரணம்.பரிட்சை என்று சொல்லும். பிரவுசர் \-ஐ / ஆக மாற்றிவிட்டு நேரே அயல்.பரிட்சைக்குப் போகும். பைத்தானில் பக்கங்களை எடுத்துவரப் பலரும் பயன்படுத்தும் ரிக்வெஸ்ட்ஸ் லைப்ரரியும் உள்ளே யுஆர்எல்லிப்3-இன் சொந்தப் பிரிப்பானை வைத்திருக்கிறது. அதுவும் பேக்ஸ்லாஷிலேயே நின்றுவிடும். ஆக, ஸ்ப்ளிட் வைத்து "நம்ம டொமைன்தான்" என்று சோதித்து, ரிக்வெஸ்ட்ஸ் வைத்து எடுத்தால், சோதித்தது ஒரு வீடு, கதவைத் தட்டியது வேறு வீடு.

லாகின் முடிந்ததும் பழைய பக்கத்துக்குத் திருப்பி அனுப்பும் இடத்தில் இதே வியாதி வேறு உருவத்தில் வரும். "நெட்லாக் காலியாக இருந்தால் நம் தளத்துக்குள்தான்" என்று பலரும் எழுதுகிறார்கள். ///அயல்.பரிட்சை என்று மூன்று ஸ்லாஷ் போட்டால் பைத்தானில் நெட்லாக் காலி, பிரவுசருக்கு அது வெளி டொமைன். /\ என்று தொடங்கினாலும் அதே கதை. பைத்தானில் வெப்சைட் கட்டும் ஜாங்கோ ஃப்ரேம்வொர்க்கை வைத்திருப்பவர்கள் இதைச் சொந்தமாக எழுதவே வேண்டாம். யுஆர்எல்_ஹேஸ்_அலவுட்_ஹோஸ்ட்_அண்ட்_ஸ்கீம் என்ற ஃபங்ஷன் இந்த வடிவங்களையெல்லாம் பார்த்தே எழுதப்பட்டது. மற்றவர்கள் பேக்ஸ்லாஷ் இருக்கும் லிங்க்கை அப்படியே நிராகரித்துவிடுங்கள். ஒழுங்கான லிங்க்கில் அதற்கு வேலையே இல்லை.

முகவரிக்கு முன்னால் ஒரே ஒரு ஸ்பேஸ் விட்டால் தடைப்பட்டியல் முழுதும் படுத்துவிடும் கோளாறு 2023-இல் சரிசெய்யப்பட்டது. பழைய வெர்ஷனில் ஸ்பேஸோடு தொடங்கும் லிங்க்குக்கு ஹோஸ்ட்நேம் நன் (None, அதாவது எதுவுமில்லை) என்று வரும். நன் எந்தப் பட்டியலிலும் இல்லாததால் சோதனை தேறிவிடும். அடுத்து, லிங்க்கைத் திறக்கும் பைத்தானின் சொந்த ஃபங்ஷனான யுஆர்எல்ஓப்பன் அந்த ஸ்பேஸைத் தானே நீக்கிவிட்டுத் தடைசெய்த இடத்துக்கே போகும். ஒரே வீட்டு அண்ணன் தம்பி இரண்டு பேர் ஒரே முகவரியை இரண்டு விதமாகப் படித்தார்கள் என்றால் சிரிக்கத்தான் தோன்றுகிறது. 3.11.4, 3.10.12, 3.9.17, 3.8.17 முதல் சரி. முன்னால் உள்ள ஸ்பேஸ் மட்டும்தான் போகும், பின்னால் உள்ளது அப்படியே நிற்கும். ஆகவே இரண்டு முனை ஸ்பேஸையும் நீக்கும் ஸ்ட்ரிப் போட்ட பிறகே பிரியுங்கள்.

விண்டோஸ் 7 ஓடும் பழைய மெஷின்கள் பயிற்சி மையங்களில் இருந்தால் கவனம். அதில் ஏறும் கடைசி வரிசை 3.8, அதற்கும் விண்டோஸ் இன்ஸ்டாலர் 3.8.10-உடன் நின்றுவிட்டது. மேலே சொன்ன திருத்தம் அதில் கிடையாது. லிங்க் நடுவில் வரும் டேப், நியூலைன் ஆகியவற்றை நீக்கும் திருத்தமும் அந்த வரிசையில் 3.8.11-இல்தான் வந்தது. கற்றுக்கொள்ளலாம், சர்வராக வைக்காதீர்கள். லினக்ஸில் நிலைமை தலைகீழ்: வெர்ஷன் எண் பழசாகவே இருக்கும், திருத்தம் மட்டும் உள்ளே வந்திருக்கும். எண்ணைப் பார்த்து முடிவெடுக்காமல், ஸ்பேஸோடு ஒரு முகவரியைக் கொடுத்து ஹோஸ்ட்நேம் நன் வருகிறதா என்று பாருங்கள். பத்து விநாடி வேலை.

இனி தமிழ். லிங்க்கில் நேரடியாக வரக்கூடாத எழுத்துகளை % குறிகளாக மாற்றும் கோட் (quote) ஃபங்ஷன் ஒவ்வொரு தமிழ் யூனிகோடு குறியையும் 3 பைட்டாக்கி, பைட்டுக்கு மூன்று எழுத்து வீதம் 9 எழுத்தாக்கும். கொருக்குப்பேட்டையில் 16 குறிகள், ஆக 144 எழுத்து. அதில் முதலில் வரும் கொ-வைச் சில கீபோர்டுகள் ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியாகத் தட்டித் தரும். திரையில் வித்தியாசமே தெரியாது, ஆனால் 17 குறி, 153 எழுத்து, வேறு முகவரி. பக்கம் இருந்தும் 404 (பக்கம் இல்லை) வரும். திருவொற்றியூர், கொளத்தூர், கொடுங்கையூர் எல்லாவற்றுக்கும் இந்தக் கண்டம் உண்டு. கோட் இதைச் சரிசெய்யாது. யூனிகோடுடேட்டாவில் உள்ள நார்மலைஸை, பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் என்எஃப்சி என்று கொடுத்து ஓட்டிவிட்டுப் பிறகு கோட் செய்யுங்கள். சௌகார்பேட்டைக்கு அதுவும் உதவாது. ஔகாரக் குறிக்குப் பதில் ளகரத்தைப் போட்டு செளகார்பேட்டை என்று தட்டியிருந்தால் யூனிகோடு கணக்கில் அது வேறு சொல்லேதான். தேடும் முன் நீங்களே மாற்றிக்கொள்ள வேண்டும்.

தமிழ்ப் பாத்தை கோட் செய்யாமல் யுஆர்எல்ஓப்பனுக்குக் கொடுத்தால் யூனிகோடுஎன்கோடுஎரர். முழு லிங்க்கையும் தூக்கி கோட்டுக்குள் போட்டால் : குறி %3ஏ ஆகி லிங்க்கே செத்துவிடும். ஒருமுறை கோட் செய்ததை மறுபடி செய்தால் % எல்லாம் %25 ஆகும். 144 எழுத்து 240 ஆகிவிடும். பிரித்து, பாத்தை மட்டும் ஒரே ஒருமுறை கோட் செய்து, மறுபடி சேர்ப்பதுதான் வழி. தமிழ் டொமைனுக்கு, கூடவே வரும் ஐடிஎன்ஏ கோடெக் (பிறமொழி டொமைனை ஆங்கில எழுத்து வடிவுக்கு மாற்றுவது) 2003 விதியில் நிற்கிறது. .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் டொமைன்களோடு உண்மையிலேயே வேலை என்றால் 2008 விதிப்படி எழுதிய ஐடிஎன்ஏ பேக்கேஜைத் தனியாக ஏற்றுங்கள்.

குவெரியைப் பிரிக்கும் பார்ஸ்_க்யூஎஸ் நல்ல பிள்ளை, ஆனால் இரண்டு பழக்கம் ஆகாது. வகை=வஞ்சிரம்&எடை= என்று வந்தால் எடை என்ற பெயரையே காணாமல் அடித்துவிடும்; கீப்_பிளாங்க்_வேல்யூஸ் ட்ரூ என்று கொடுத்தால்தான் காலி மதிப்போடு வரும். போன் நம்பர் +91 என்று கையால் எழுதிய லிங்க்கில் வந்தால் + குறி ஸ்பேஸ் ஆகிவிடும், ஆர்டர் கொடுத்தவருக்கு எஸ்எம்எஸ் போகாது. இது பிழை இல்லை, ஃபார்ம் விதியே அப்படித்தான். லிங்க்கை யுஆர்எல்என்கோடு மூலம் கட்டினால் + சரியாக %2பி ஆகும். அரைப்புள்ளியையும் பிரிப்பானாக எடுத்த பழைய பழக்கம் பிப்ரவரி 2021-இல் 3.9.2, 3.8.8 வெர்ஷன்களில் போய்விட்டது. பக்கங்களைச் சேமித்து வைத்துத் தருவதற்கு முன்னால் நிற்கும் கேஷ் சர்வர் & மட்டும் பார்க்க, பைத்தான் இரண்டையும் பார்த்ததால் தவறான பக்கத்தைக் கேஷில் ஏற்ற முடிந்தது; அதனால்தான் எடுத்தார்கள்.

சில்லறைக் குறைகளில் போர்ட் ஒன்று. போர்ட் எண்ணின் வரம்பைத் தாண்டி 70000 என்று கொடுத்தால் ஸ்ப்ளிட் வாயே திறக்காது; .போர்ட் என்று கேட்கும்போதுதான் வேல்யூஎரர். ஆகவே ட்ரை பிளாக்கில் ஸ்ப்ளிட்டோடு .போர்ட்டையும் சேர்த்து வையுங்கள். ஸ்கீம் இல்லாமல் உதாரணம்.பரிட்சை/மீன் என்று மட்டும் வந்தால் மொத்தமும் பாத்தில் போய் விழும், நெட்லாக் காலி. முன்னால் // சேர்த்துக் கொடுத்தால் சரியாகிவிடும். இரண்டு முகவரியைச் சேர்க்கும் யுஆர்எல்ஜாயினில் அடிப்படை முகவரி /மீன் என்று முடிந்தால் அந்த மீன் போய் அதன் இடத்தில் புதியது உட்காரும். /மீன்/ என்று முடிந்தால்தான் பின்னால் சேரும். இரண்டாவதாகக் கொடுப்பது // என்று தொடங்கினால் டொமைனே மாறிவிடும், அதனால் வாடிக்கையாளர் தட்டியதை அதில் நேரடியாகக் கொடுக்காதீர்கள்.

தாங்கள் உள்ளீட்டைச் சரிபார்ப்பதில்லை என்று டாக்குமெண்டேஷனிலேயே பாதுகாப்புக்கு ஒரு பகுதி ஒதுக்கி எழுதியிருக்கிறார்கள். அந்த நேர்மைக்குத்தான் மூன்றாவது மதிப்பெண். பிரவுசர் படிப்பதுபோலவே படிக்க வேண்டும் என்றால் அடா-யுஆர்எல் பேக்கேஜ் இருக்கிறது. வாட்டபிள்யூஜி விதிப்படி எழுதியது, சர்வரில் ஜாவாஸ்கிரிப்ட் ஓட்டும் நோட்.ஜேஎஸ் உள்ளேயும் இதே அடாதான். சொந்த லிங்க்குகளைப் பிரிக்க மட்டும் என்றால் அது தேவையில்லை, கூட வருவதே போதும்.