பேனலுக்குப் பின்னால் ஸ்க்ரூ தேடி ஏழு வருடம்: ஒரு காந்தம், ஒரு மெஷின், நிறைய மாஸ்கிங் டேப்

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய கம்ப்யூட்டர் சாமான் விற்கும் கடை ஒன்றில், செத்துப்போன ஹார்டு டிஸ்க்கை ஐம்பது ரூபாய்க்கு வாங்கினேன். அதைப் பிரித்தால் உள்ளே வில் மாதிரி வளைந்த இரண்டு காந்தங்கள் இருக்கும். நியோடிமியம். சுண்டுவிரல் நீளம்தான், ஆனால் பீரோவில் ஒட்டிவிட்டால் நெம்பித்தான் எடுக்க வேண்டும். 2018-ல் அப்படி எடுத்ததில் ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது. இன்னொன்று எங்கோ ஒரு ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) சேனலில் ஒட்டிக்கொண்டு, யாருடைய ஆபீஸ் சுவருக்குள்ளோ நிரந்தரமாக மூடப்பட்டுக் கிடக்கிறது என்பது என் சந்தேகம்.

நான் பார்ப்பது ஆபீஸ் இன்டீரியர் வேலை, பெரும்பாலும் ஓ.எம்.ஆர். பக்கம். ஜிப்சம் பார்ட்டிஷன், ஃபால்ஸ் சீலிங், பிளைவுட் பேனலிங், எப்போதாவது வெளியே ஏசிபி (அலுமினியத் தகடு ஒட்டிய பேனல்). கட்டும்போது எந்தக் கம்பி எங்கே நிற்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். பட்டி பார்த்து, தேய்த்து, இரண்டு கோட் பெயின்ட் அடித்துவிட்டால் ஒருவருக்கும் தெரியாது. சரியாக அதற்கு மறுநாள் கிளையன்ட் வந்து சுவரைப் பார்த்துக்கொண்டே, “டிவி இங்க வந்தா நல்லா இருக்கும்ல?” என்பார். 65 இஞ்ச் டிவி, பிராக்கெட்டோடு சேர்த்தால் 25, 30 கிலோ வரும். வெறும் போர்டில் ஸ்க்ரூ பிளக் அடித்து மாட்டினால் என்றைக்காவது போர்டையும் பெயர்த்துக்கொண்டு கீழே வரும். போர்டைத் தாங்கி உள்ளே செங்குத்தாக நிற்கும் சட்டம், அதாவது ஸ்டட், எங்கே இருக்கிறது என்று தெரிந்தே ஆக வேண்டும்.

எங்கள் மேஸ்திரி விரல் முட்டியால் தட்டிப் பார்த்துச் சொல்லிவிடுவார். வெறும் பார்ட்டிஷனில் அது நன்றாகவே வேலை செய்யும். ஸ்டட் இருக்கும் இடத்தில் சத்தம் கெட்டியாகும். உள்ளே சத்தம் தடுக்கும் ராக்வுல் பஞ்சு அடைத்திருந்தால் எல்லா இடமும் தலையணையைத் தட்டுவது போலத்தான். மீட்டிங் ரூம் சுவர் எல்லாவற்றிலும் இப்போது ராக்வுல் இருக்கிறது. டிவி மாட்டுவதும் மீட்டிங் ரூமில்தான்.

காந்தம் எதைப் பிடிக்கிறது என்று புரிந்துகொள்ளவே எனக்குச் சில மாதம் ஆனது. ஸ்டட் என்பது அரை மில்லி சொச்சம் கனமுள்ள ஜிஐ தகடு. 12.5 மி.மீ. போர்டுக்குப் பின்னால் இருக்கும் அந்தத் தகட்டுக்கு ஹார்டு டிஸ்க் காந்தம்கூட லேசாகத்தான் அசைந்து கொடுக்கும். ஆனால் போர்டை ஸ்டட்டோடு பிடித்திருக்கும் 25 மி.மீ. கறுப்பு ஸ்க்ரூ இருக்கிறதே, அதன் தலை பட்டிக்கு அடியில் ஒன்றிரண்டு மில்லியில் உட்கார்ந்திருக்கிறது. அங்கே போனதும் காந்தம் ‘டக்’கென்று ஒட்டும். அதனால் சுவரில் ஸ்டட்டைத் தேடாதீர்கள், ஸ்க்ரூவைத் தேடுங்கள். இரண்டு அடுக்கு போர்டு அடித்த சுவரிலும் இதே கதைதான். மேல் போர்டின் ஸ்க்ரூ நீளம் கூடுமே தவிர, தலை மேலேதான் இருக்கும்.

ஒரு ஸ்க்ரூ கிடைத்ததும் டிரில்லைத் தூக்கிவிடக் கூடாது. அது சுவிட்ச் பாக்ஸ் பிடித்த ஸ்க்ரூவாக இருக்கலாம், வெளி மூலையில் ஓடும் ஜிஐ தகட்டுப் பட்டையாகவும் (கார்னர் பீட்) இருக்கலாம். அடிக்கு ஒன்று வீதம், மேலும் கீழுமாக ஒரே நூல் பிடித்தது போல மூன்று கிடைத்தால்தான் அது ஸ்டட். இரண்டு வரிசை பக்கத்துப் பக்கத்தில் கிடைத்தால் அது போர்டு ஜாயின்ட், ஸ்டட்டின் நடு அந்த இரண்டுக்கும் இடையில் இருக்கும். அங்கிருந்து அளவு டேப்பைப் பிடித்து 2 அடி தள்ளினால் அடுத்த ஸ்டட். கதவு நிலை ஓரமும் சுவர் கடைசியும் இந்தக் கணக்குக்கு அடங்காது. புது ஸ்க்ரூவைப் பழைய வரிசையிலேயே, அதே நேர்கோட்டில் போடச் சொல்வேன். ஸ்டட்டின் வெட்டு ‘ப’வைப் படுக்க வைத்த மாதிரி, ஒரு பக்கம் மூடியிருக்கும், ஒரு பக்கம் திறந்திருக்கும். திறந்த ஓரத்தில் ஏற்றினால் தகடு வளைந்து விலகிவிடும், ஸ்க்ரூ சும்மா சுற்றும்.

காந்தத்தைச் சுவரில் தேய்த்துக்கொண்டே போவதைவிட, மெல்லிய நூலில் கட்டித் தூக்குக் குண்டு போலச் சுவரை ஒட்டித் தொங்கவிட்டு மெதுவாக நகர்த்துவது நல்லது. ஸ்க்ரூ வந்ததும் தானாகப் போய் ஒட்டும், பெயின்ட்டில் கீறலும் விழாது. இந்தக் கீறல் சமாசாரத்தை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சைட் என்றால் கட்டிங் வீலில் பறந்த இரும்புத்தூள் எங்கும் இருக்கும், அத்தனையும் காந்தத்தில் மீசை மாதிரி ஒட்டிக்கொள்ளும். அதோடு பாலிஷ் போட்ட வெனீர் பேனலில் ஒரு முறை இழுத்தேன். கார்ப்பென்டர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. அன்றிலிருந்து காந்தம் ஒரு சின்ன பிளாஸ்டிக் கவருக்குள்தான். கவரை உள்வெளியாகத் திருப்பினால் தூள் முழுவதும் அதோடு போய்விடும்.

ஃபால்ஸ் சீலிங்கில் இதன் மதிப்பே தனி. எங்கள் சைட்டில் போர்டைத் தாங்கும் சட்டமான சீலிங் செக்‌ஷன் ஒன்றரை அடிக்கு ஒன்றாக ஓடும், அதற்குக் குறுக்கே மேலே 4 அடிக்கு ஒரு இன்டர்மீடியட் சேனல். லைட்டுக்கு ஓட்டை போடும்போது வட்டமாக அறுக்கும் ஹோல்சா செக்‌ஷன் மேல் ஏறினால் பிளேடும் போச்சு, சீலிங்கும் தொங்கும். காந்தத்தைக் கையில் பிடித்துத் தேடி, கிடைத்த இடத்தில் அப்படியே ஒட்டி விட்டுவிட்டால் அதுவே மார்க்கிங். ஏணியில் நிற்பவனுக்கு ஒரு கை மிச்சம். இப்போது கடையில் கிடைக்கும் வட்டக் காந்தம் ஒரு டஜன் வைத்திருக்கிறேன், ஒரு வரிசை முழுவதும் ஒட்டிவிட்டுக் கீழே நின்று பார்த்தால் சட்டம் எப்படி ஓடுகிறது என்று படம் வரைந்த மாதிரி தெரியும். சில தம்பிகள் பொட்டு வைத்த சீலிங் என்று கிண்டல் செய்வார்கள்.

முதல் மூன்று வருடம் இதுவே போதும் என்று இருந்தேன். அப்புறம் 2021 டிசம்பரில் ஒரு ராத்திரி.

மறுநாள் ஹேண்ட் ஓவர். மீட்டிங் ரூமில் ஒயிட் போர்டு மாட்ட வேண்டும். மூன்று ஓட்டை ஸ்டட்டில் விழுந்தது, நாலாவது இரண்டு ஸ்டட்டுக்கு நடுவில். போர்டுக்குப் பின்னால் விரிந்து பிடிக்கும் பட்டர்ஃபிளை பிளக் போட்டுக்கொள்ளலாம் என்று அந்த இடத்தில் காந்தத்தை மேலும் கீழும் ஓட்டினேன். எதுவும் ஒட்டவில்லை. “ஒண்ணுமில்ல, போடு” என்றேன். பையன் போட்டான். குக்கர் விசில் அடங்காமல் கத்தினால் எப்படி இருக்கும், அப்படி ஒரு சத்தம். ஓட்டையிலிருந்து வெள்ளையாகப் புகை. சுவருக்குள் ஓடிய ஏசியின் செம்புக் குழாய், அதில் ஆர்-410ஏ என்ற குளிரூட்டும் கேஸ். பார்ட்டிஷனை வெட்டித் திறந்து, குழாயைப் பற்றவைத்து, நைட்ரஜன் ஏற்றிப் பிரஷர் டெஸ்ட் செய்து, வேக்குவம் எடுத்து, திரும்ப கேஸ் ஏற்றி, போர்டு அடித்து, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்து... ஹேண்ட் ஓவர் இரண்டு நாள் தள்ளிப்போனது. ஏசி வேலை எடுத்த பார்ட்டியின் ஆள் ஒரு வார்த்தைதான் சொன்னார்: “அண்ணே, ஒரு போன் போட்டிருந்தா சொல்லியிருப்பேனே.”

செம்பு காந்தத்தில் ஒட்டாது என்பது ஐந்தாம் வகுப்புப் பையனுக்குக்கூடத் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் மூன்று வருடம் நம்பிய கருவி ‘ஒட்டவில்லை’ என்றதை நான் ‘ஒன்றுமில்லை’ என்று எடுத்துக்கொண்டேன். செம்புக் குழாய், பிவிசி பைப்புக்குள் ஓடும் ஒயர், அலுமினியம், பித்தளை ஸ்க்ரூ, டாய்லெட் பக்கம் போடும் 304 ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ, இவை எதற்கும் காந்தம் வாய் திறக்காது. ஒட்டினால் நம்பலாம். ஒட்டாவிட்டால் அதற்கு அர்த்தமே கிடையாது.

அடுத்த மாதம், சுவருக்குள் இருக்கும் உலோகத்தையும் ஒயரையும் தேடிக் காட்டும் டிடெக்டர் மெஷின் வாங்கினேன். ஏழாயிரத்துச் சொச்சம். பிராண்டு பெயர் வேண்டாம், இந்த விலையில் வரும் எல்லா மெஷினுக்கும் கிட்டத்தட்ட இதே குணம்தான். பெட்டியில் இரும்பு 120 மி.மீ. ஆழம் வரை, செம்பு 80 மி.மீ. வரை என்று போட்டிருந்தது. ஜிப்சம் சுவருக்கு அது தாராளம். சுவரில் வைத்து நகர்த்தினால் வட்ட விளக்கு பச்சையிலிருந்து மஞ்சள், சிவப்பு என்று மாறும். நடுவில் ஓட்டை, அதில் பென்சிலை விட்டுக் குறி வைத்துக்கொள்ளலாம். டைல் ஒட்டிய சுவரில் காந்தம் திணறும் இடத்தில் இது அலட்டிக்கொள்ளாமல் காட்டும்.

அதன் குணக்கேடுகளைப் பழகத்தான் ஒரு வருடம் பிடித்தது. மரமும் ஸ்டட்டும் தேடும் மோடில், வைத்த இடத்தையே அது வெற்றுச் சுவர் என்று எடுத்துக்கொள்ளும். தற்செயலாக ஸ்டட் மேலேயே வைத்து ஆன் செய்துவிட்டால் அப்புறம் சொல்வதெல்லாம் தலைகீழ். அதனால் இரண்டு மூன்று இடத்தில் வைத்து ஆரம்பித்துப் பார்ப்பேன். பட்டி ஈரம் காயாத சுவரில், அதுவும் நம்மூர் நவம்பர் மழையில், எங்கு வைத்தாலும் மஞ்சள். அலுமினியம் ஃபாயில் ஒட்டிய இன்சுலேஷன் உள்ளே இருந்தால் சுவர் முழுக்கச் சிவப்பு. பழைய பில்டிங்கில் தூணும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் பூச்சுக்குள் கோழி வலை வைத்திருப்பார்கள். அங்கேயும் அப்படித்தான். பேட்டரி இறங்க ஆரம்பித்தால் அது தனிக் கூத்து.

கரன்ட் ஒயர் தேடும் மோடைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லோரும் அதை நம்பித்தான் வாங்குகிறார்கள். ஒயரில் கரன்ட் வந்திருந்தால்தான் அது காட்டும். நாங்கள் டிரில் போடும் சமயத்தில் பெரும்பாலும் டிபி (கரன்ட்டைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) ஆஃப், சைட் முழுக்க டெம்பரரி சப்ளை. சுவருக்குள் இருக்கும் ஒயர் அத்தனையும் செத்த பாம்பு. மெஷின் பச்சை காட்டும், நீங்கள் நிம்மதியாக ஓட்டை போடுவீர்கள், ஒரு வாரம் கழித்து சப்ளை கொடுக்கும்போது பிரேக்கர் விழும். இரும்புப் பைப்புக்குள் ஒயர் போனாலும் இந்த மோடுக்குத் தெரியாது. அதற்கு நேர்மாறாக, கரன்ட் வந்த சுவரில் சில சமயம் சுவர் முழுக்க ஒயர் இருப்பது போலக் கத்தும். அப்போது இன்னொரு உள்ளங்கையைச் சுவரில் பதித்துக்கொண்டு தேடினால் அடங்கும். மேனுவலிலேயே இருக்கிறது, யார் படிக்கிறார்கள்?

இப்போது இரண்டையும் சேர்த்துத்தான் வைத்துக்கொள்கிறேன். முதலில் மெஷினை மெட்டல் மோடில் ஓட்டுவேன். சிவப்பு வந்த இடத்தில் காந்தத்தை வைப்பேன். ஒட்டினால் ஸ்க்ரூ. மெஷின் சிவப்பு காட்டியும் காந்தம் ஒட்டவில்லை என்றால் அங்கே டிரில் போடவே மாட்டேன். செம்பாக இருக்கலாம், ஒயராக இருக்கலாம், உள்ளே தள்ளி நிற்கும் ஸ்ப்ரிங்க்ளர் குழாயாகவும் இருக்கலாம். மெஷினில் உலோகம் இருப்பது தெரியும், எது என்று அதை மட்டும் நம்பி முடிவு செய்ய மாட்டேன். அதை ஐம்பது ரூபாய் ஹார்டு டிஸ்க் சொல்கிறது. சிவப்பு விழுந்த இடமெல்லாம் மாஸ்கிங் டேப்பில் குறித்துவிடுவேன், சுவரில் பென்சிலால் கிறுக்குவதில்லை.

மெஷின் ஒரேயடியாகத் தோற்றுக் காந்தம் ஜெயிக்கும் இடமும் ஒன்று உண்டு: ஏசிபி. இரண்டு பக்கமும் அலுமினியத் தோல் என்பதால் மெஷினுக்கு 4 மில்லி பேனலே முழுச் சுவர், தொட்டதுமே சிவப்பு. காந்தத்துக்கு அலுமினியம் கண்ணாடி மாதிரி, பின்னால் நிற்கும் இரும்புச் சதுரக் குழாயைச் சட்டென்று பிடித்துவிடும். ஒரு முறை பழைய ஏசிபி முகப்பில் சைன் போர்டு மாட்டப் போனபோது, மெஷினை வைத்துக்கொண்டு விழித்த எங்கள் ஆளிடம் என் பையிலிருந்து காந்தத்தை எடுத்துக் கொடுத்தேன். பத்து நிமிடத்தில் சட்டம் முழுக்கக் கிடைத்தது. பின்னால் இருப்பதும் அலுமினியச் சட்டம் என்றால் இரண்டும் உதவாது, பேனல் இடுக்கில் சிலிகானை வெட்டி எட்டிப் பார்ப்பதுதான் வழி.

போன் ஆப் பற்றிக் கேட்பவர்களுக்கு: அது போனில் இருக்கும் திசைகாட்டி சென்சாரை வைத்து விளையாடுவது. சென்னையில் பூமியின் காந்தப்புலம் ஏறக்குறைய 40 மைக்ரோடெஸ்லா, ஸ்க்ரூ பக்கம் போனால் அந்த எண் ஏறி இறங்கும். அவசரத்துக்கு ஓகே, ஆனால் சென்சார் போனின் எந்த மூலையில் இருக்கிறது என்று தெரியாமல் குறி வைத்தால் இரண்டு இஞ்ச் தள்ளிப்போகும். அந்தப் போனையும் காந்தத்தையும் ஒரே பையில் வைக்காதீர்கள். நான் வைத்தேன், மேப் என் வண்டியை ரிவர்ஸிலேயே திருவான்மியூர் வரை ஓட்டிப்போனது. பேஸ்மேக்கர் வைத்தவர்கள் பக்கத்தில் இந்தக் காந்தத்தைக் கொண்டுபோகவே கூடாது. எங்கள் எலக்ட்ரிக்கல் கான்ட்ராக்டர் ஒருவருக்கு உண்டு, அவர் வந்தால் டஜன் காந்தமும் டூல் பாக்ஸுக்குள் போய்விடும்.

புது சைட்டில் இந்தத் தேடல் எல்லாம் பாதி குறைந்துவிட்டது. இரண்டாம் பக்கம் போர்டு மூடும் முன்னால், தரையிலிருந்து டேப்பை நீட்டி வைத்து ஒவ்வொரு சுவரையும் போட்டோ எடுத்துவிடுகிறேன், ஏசி, எலக்ட்ரிக்கல் ஆட்கள் பக்கத்தில் நிற்கும்போதே. பழைய ஆபீஸைப் பிரித்துக் கட்டும் வேலையில் அந்த போட்டோ யாரிடமும் இருக்காது. போன வாரம் பெருங்குடியில் அப்படி ஒரு சுவர். மெஷின் தரையிலிருந்து நாலடி உயரத்தில் குறுக்குவாட்டில் நீளமாகச் சிவப்பு காட்டியது, காந்தம் அதில் எங்கேயுமே ஒட்டவில்லை. குழாய் குறுக்கே போகாதே என்று மேஸ்திரி அடித்துச் சொன்னார். டேப்பை ஒட்டிவிட்டு, இந்த முறை ஏசி பார்ட்டிக்கு போன் போட்டேன்.

“ஆமாண்ணே, அங்க பழைய லைன் ஒண்ணு குறுக்கதான் போகுது. கேஸ் இருக்கு. கை வைக்காதீங்க, வர்றேன்.”