ஃப்ளொப்பி வாசிக்கிற கடை, பம்பலப்பிட்டி

மாமா புறக்கோட்டையில் புடவைக்கடை நடத்திய காலத்துக் கணக்குகள் ஃப்ளொப்பி என்கிற பழைய காந்த வட்டில், அக்காவின் கல்யாணப் படங்கள் சீடியில், இடையில் எப்போதோ கழற்றி வைத்த, ஐடிஇ என்கிற பழைய இணைப்புள்ள ஹார்ட் டிஸ்க் ஒன்று. இத்தனையையும் ஒரே மேசையில் வாசித்துக் கொப்பி பண்ணித் தருகிற கடை கொழும்பில் இன்னும் இருக்கிறது. யூனிட்டி பிளாசாவுக்குக் கிட்ட, மாடியில் ஒரு சின்ன அறை, பெயர்ப்பலகைகூடச் சரியாகத் தெரியாது.

வேலை நிதானம். ஃப்ளொப்பியை வாங்கிய உடனே டிரைவுக்குள் தள்ளவில்லை, தகட்டு மூடியை விலக்கி உள்ளே பூஞ்சணம் பிடித்திருக்கிறதா என்று பார்த்தார் கடைக்கார அண்ணை. கடற்காற்றும் ஈரமும் உள்ள நம்ம ஊரில் அலுமாரிக்குள் கிடந்த வட்டில் வெள்ளையாகப் படர்ந்திருக்குமாம், அதை அப்படியே சுற்றவிட்டால் வட்டும் கீறுப்படும், வாசிக்கிற தலையும் அழுக்காகி அடுத்த ஃப்ளொப்பியையும் கெடுக்கும். சிலது வாசிக்கவே இல்லை, அவற்றுக்குக் காசும் எடுக்கவில்லை.

அத்தனை ஃப்ளொப்பியும் சேர்ந்து ஃபோனில் எடுத்த ஒரு வீடியோ அளவுக்கு வரவில்லை. ஒன்றில் 1.44 எம்பிதானே! ஆனால் 1956இல் ஐபிஎம் கொண்டுவந்த ரமாக் கணினியின் வட்டுப் பெட்டி, 24 அங்குல வட்டுகள் 50 அடுக்கியும், 50 லட்சம் எழுத்துகளைத்தான் பிடித்தது, அதாவது நாலு ஃப்ளொப்பியில் முடிகிற சரக்கு. அண்ணையிடம் இதைச் சொன்னதற்கு, "அதுக்கும் கேபிள் இருந்தாக் கொண்டு வாங்கோ" என்றார்.

கொப்பி பண்ணியதை எதில் வைப்பது என்ற இடத்தில்தான் கடை எனக்குப் பிடித்துப்போனது. நான் சுழலும் வட்டே இல்லாத எஸ்எஸ்டி கேட்டேன். விலை கூடியதைத் தலையில் கட்டுவார் என்று பார்த்தால், பூட்டி வைக்கிறதுக்கு ஹார்ட் டிஸ்க்தான் நல்லது என்றார். சரியான பேச்சு. எஸ்எஸ்டி, பென் டிரைவ், மெமரி கார்ட் எல்லாம் ஃப்ளாஷ் வகை, 1980களில் தோஷிபாவில் மசுவோக்கா ஃபுஜியோ உருவாக்கியது. கண்ணுக்குத் தெரியாத அறைகளுக்குள் மின்னேற்றத்தை அடைத்து வைத்துத்தான் அது தகவலைக் காக்கிறது, மின்சாரமே கொடுக்காமல் வருடக்கணக்கில் வெக்கையில் போட்டு வைத்தால் அந்த ஏற்றம் மெல்லக் கசியும். ஹார்ட் டிஸ்க்கில் இருப்பது காந்தப் பதிவு, அதற்கு இந்தக் கவலை குறைவு, கைதவறி விழுந்தால் மட்டும் போச்சு. ஆகவே இரண்டு ஹார்ட் டிஸ்க், ஒன்று வெள்ளவத்தையில் எங்கள் வீட்டில், மற்றது அக்கா வீட்டில்.

கேட்ட எஸ்எஸ்டியையும் வாங்கினேன், அது பழைய லப்டொப்புக்குப் போனது. அந்த லப்டொப்பில் சாட்டா என்கிற இணைப்பு மட்டும்தான், வேகம் விநாடிக்கு 550 எம்பி அளவில் நின்றுவிடும். என்விஎம்ஈ என்கிற புதிய வகை எஸ்எஸ்டி இன்னும் பல மடங்கு ஓடும், ஆனால் அதைச் செருக லப்டொப்பில் இடமே இல்லை, இருந்தாலும் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து மாறுகிறவருக்கு இந்த 550ஏ கண்ணைக் கட்டும். மிச்சக் காசில் ராம் கூட்டினேன். டிடிஆர்3 வகை ராம்தான் போகும், அதற்கடுத்த டிடிஆர்4இன் வெட்டு வேறிடத்தில் இருப்பதால் ஏறவே ஏறாது. அப்புறம், மலிவு எஸ்எஸ்டி எடுப்பதென்றால் கியூஎல்சியா டிஎல்சியா என்று கேட்டுக்கொள்ளுங்கள். டிஎல்சி ஒரே அறைக்குள் 3 பிட் வைக்கும், கியூஎல்சி 4 பிட் அடைக்கிறது, பெரிய கோப்புகளைத் தொடர்ந்து எழுதும்போது பாதி வழியில் சோர்ந்துவிடும். விலைகளை எழுதவில்லை, டாலர் போகிற போக்கில் நீங்கள் வாசிக்கும்போது அது பொய்யாகியிருக்கும்.

குறையும் உண்டு. சனிக்கிழமை நிற்க இடமில்லை, "பின்னேரம் வாங்கோ" என்றால் அடுத்த நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஃபோனும் எடுக்கமாட்டார்கள். பில்லில் "எஸ்எஸ்டி 1" என்று மட்டும் கிறுக்கித் தருகிறார்கள். வாரண்டிக்குப் போனால் அது எதற்கும் உதவாது, சீரியல் இலக்கத்தையும் எழுதி முத்திரை குத்தச் சொல்லுங்கள், கேட்டால் முகம் சுளிக்காமல் செய்கிறார்கள்.