தி கீசர்ஸ் களத்தில் ஸ்ட்ரெட்ஃபோர்டு அலகு: நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

கலிஃபோர்னியாவின் தி கீசர்ஸ் களத்தில் 1960 முதல் புவிவெப்ப நீராவியைக் கொண்டு மின்சாரம் உற்பத்தி செய்யப்படுகிறது. அங்கே நீராவியோடு வரும் வாயுவிலிருந்து அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்ஃபைடை நீக்கும் ஸ்ட்ரெட்ஃபோர்டு அலகொன்றைப் பல ஆண்டுகள் இயக்கியவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். அந்த மாநிலத்தில் வெளிக்காற்றில் இவ்வாயு ஒரு மணி நேரச் சராசரியாக 0.03 பிபிஎம்மைத் (பத்து லட்சத்தில் 0.03 பங்கு) தாண்டக் கூடாது. அதற்கும் குறைந்த அளவிலேயே நாற்றம் தெரிந்துவிடும் என்பதால், எங்கள் கருவிகளைவிடப் பள்ளத்தாக்கில் வசிப்பவர்களின் மூக்கே கடுமையான கண்காணிப்பாளர்.

நீராவியைக் குளிர்வித்து நீராக்கும் கண்டென்சரில் நீராகாமல் எஞ்சும் வாயுக்களைச் சோடியம் கார்பனேட் கரைசலில் கழுவும்போது, அக்கரைசலில் உள்ள வனேடியம் என்ற உலோகம் கரைந்த சல்ஃபைடைக் கந்தகமாக மாற்றுகிறது. பிறகு காற்றை ஊதிக் கரைசலுக்குப் புத்துயிர் கொடுக்கிறோம். அலகுக்குள் வரும் வாயுவில் 99 சதவீதத்துக்கு மேல் நீங்கிவிடுகிறது. அதில் எனக்குக் குறையே இல்லை. ஆனால் கரைசலின் காரத்தன்மையும் வெப்பநிலையும் சற்று ஏறினாலே தயோசல்ஃபேட் என்ற கந்தக உப்பு கரைசலில் வீணாகச் சேர்ந்துகொண்டே போகும். கந்தகத்தை மேலே கொண்டுவரும் நுரை சரியாகத் திரளாத நாள்களில் அது கோபுரத்துக்குள்ளேயே படிந்து வழியை அடைத்துவிடும். அந்த அடைப்பை நீக்கும் வேலையை எந்த விற்பனைக் கையேடும் விவரிப்பதில்லை.

உண்மையான சிக்கல் அலகுக்கு வெளியே இருக்கிறது. நீராவியில் அம்மோனியா மிகுந்திருந்தால், ஹைட்ரஜன் சல்ஃபைடின் பெரும்பங்கு வாயுவோடு வராமல் கண்டென்சர் நீரிலேயே தங்கி, குளிர்விப்புக் கோபுரத்தில் காற்றோடு வெளியேறிவிடும். நீராவியும் குளிர்நீரும் நேரடியாகக் கலக்கும் பழைய கண்டென்சர்களில் இது இன்னும் மோசம். அந்த நீரில் இரும்பு வினையூக்கியுடன் ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்த்தே ஆகவேண்டும். ஆண்டுச் செலவில் என்னை உறுத்தியது இதுதான்.

கிடைக்கும் கந்தகத்தில் வனேடியம் கலந்திருப்பதால் அதை எளிதில் விற்க முடிவதில்லை. பெரும்பாலும் கழிவாகவே கையாள வேண்டியிருக்கிறது. வனேடியத்துக்குப் பதில், கரிமச் சேர்மத்தோடு பிணைத்த இரும்பைப் பயன்படுத்தும் இரும்புக் கீலேட் கரைசல்கள் இந்த ஒரு விஷயத்தில் மேலானவை. வாயுவை எரித்து, உண்டாகும் சல்ஃபர் டை ஆக்சைடைக் குளிர்நீரில் கரைத்து, நீரிலேயே கரைந்திருக்கும் தயோசல்ஃபேட்டாக்கும் முறையில் திடக் கந்தகமே பெரிதாக உருவாகாது என்பதால், புதிய அலகுக்கு நான் அதையே முதலில் பரிசீலிப்பேன். ஐஸ்லாந்தின் ஹெல்லிஷெய்டி நிலையத்தில் 2014 முதல் வாயுவை நீரில் கரைத்துப் பசால்ட் என்ற எரிமலைப் பாறைக்குள் செலுத்திப் பைரைட் என்ற இரும்புச் சல்ஃபைடு கனிமமாக்குகிறார்கள்; கிரேவாக்கி என்ற மணற்கல் வகைப் பாறையில் அமைந்த எங்கள் களத்துக்கு அதை அப்படியே கொண்டுவர முடியாது. எந்த முறையைத் தேர்ந்தாலும், விலைப்புள்ளி கேட்பதற்கு முன் நீராவியின் அம்மோனியா அளவைக் கிணறு கிணறாகச் சோதித்து, கண்டென்சரின் வகையை முடிவுசெய்துகொள்ளுங்கள்.