சீனப் பிள்ளைகளுக்கான ஆங்கில டியூஷன்: நம் பிள்ளைக்கு எவ்வளவு பயன்?

பசார் (சந்தை) பக்கத்துக் கடைவீட்டு மாடியில் சீன ஆசிரியை நடத்தும் ஆங்கில வகுப்புக்குப் பிள்ளையை அனுப்பலாமா? மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட்டில் என்னைப் பார்க்கும் தமிழ்ப் பெற்றோர் பலர் கேட்பது இது. என் பேத்தி படிவம் ஒன்றிலிருந்து, அதாவது இடைநிலைப்பள்ளி முதல் ஆண்டிலிருந்து, அங்கே போகிறாள். இப்போது படிவம் மூன்று. கூட்டிப்போய்க் கூட்டிவருவது என் பொறுப்பு. மாடிப்படி முடியும் இடத்தில் பெற்றோருக்கென்று பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருக்கிறார்கள். மெல்லிய பலகைத் தடுப்புதான், உள்ளே பேசுவதெல்லாம் வெளியே கேட்கும். தோட்ட ஆஸ்பத்திரியில் டிரெசராக (மருத்துவ உதவியாளராக) இருந்து ஓய்வுபெற்ற எனக்கு வேறென்ன வேலை? உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

சனிக்கிழமைப் பேச்சு வகுப்புக்குத் தயங்காமல் அனுப்புங்கள். வாரநாள் மாலையில் நடக்கும் இலக்கண வகுப்பு, தமிழ்ப்பள்ளியில் படித்து வந்த பிள்ளைக்குப் பாதிதான் உதவும். அந்த ஆசிரியைக்குத் திறமை போதாது என்று சொல்ல வரவில்லை. சீனப்பள்ளிப் பிள்ளைகளின் தவறுகளுக்கென்றே அளவெடுத்துத் தைத்த சட்டை அது. நம் பிள்ளைக்குத் தோளில் இறுக்கும், இடுப்பில் தொளதொளக்கும்.

அந்த அளவெடுப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். மாண்டரின் சீனத்தில் வினைச்சொல் காலத்துக்கேற்ப உருமாறுவதில்லை. நேற்று, நாளை என்று ஒரு சொல் வந்தால் போதும். செயல் முடிந்துவிட்டது என்று காட்ட ஒரு சின்ன இடைச்சொல் ஒட்டிக்கொள்ளும். அந்தப் பழக்கத்தில் வளர்ந்த பிள்ளை ஆங்கிலத்திலும் 'யெஸ்டர்டே ஐ கோ' என்கிறது. சாப்பாடு முடிந்துவிட்டால் 'ஐ ஈட் ஆல்ரெடி' என்கிறது. இதைத் திருத்த மற்ற டியூஷன்களில் வினைச்சொல் பட்டியலைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்வார்கள். சீனப்பள்ளிப் பிள்ளைகளுக்கு மனப்பாடம் ஒரு சிரமமே இல்லை. முதலாம் ஆண்டிலிருந்தே சொல்வதெழுதுதலில் ஊறியவர்கள். ஒரு பக்கம் முழுக்கக் கொடுத்தாலும் பிசகாமல் எழுதிவிடுவார்கள். ஆனால் பேச வாயைத் திறந்தால் மறுபடியும் 'யெஸ்டர்டே ஐ கோ'தான்.

இந்த ஆசிரியை செய்வது வேறு. சீனப் புத்தாண்டு விடுமுறையில் என்ன செய்தாய் என்று கதை சொல்ல வைக்கிறார். ஒரு நிபந்தனை: 'யெஸ்டர்டே', 'லாஸ்ட் வீக்', 'ஆல்ரெடி' எதுவும் வாயில் வரக்கூடாது. ஊன்றுகோலைப் பிடுங்கிவிட்டதால் காலத்தை வினைச்சொல்லே சுமந்தாக வேண்டும். யாராவது வழுக்கினால் மற்றவர்கள் மேசையைத் தட்டுவார்கள். முதல் வாரங்களில் அந்த மாடியில் தச்சுப்பட்டறைச் சத்தம். பிறகு குறைந்தது.

இன்னொன்றையும் அவர் கண்டுபிடித்து வைத்திருக்கிறார். எழுதும்போது சரியாக எழுதும் பையன், படிக்கும்போது 'வாக்ட்' என்பதை 'வாக்' என்கிறான். இலக்கணம் தெரியவில்லை என்று பள்ளியில் மதிப்பெண் குறைக்கிறார்கள். உண்மையில் அவனுக்கு இலக்கணம் தெரியும், நாக்குத்தான் ஒத்துழைக்கவில்லை. மாண்டரின் அசைகள் பெரும்பாலும் உயிரொலியிலோ மூக்கொலியிலோ முடிகின்றன. நம் ஊர்ச் சீனர் வீடுகள் பலவற்றில் பேசும் கண்டனீஸ் என்ற இன்னொரு சீன மொழியில் க், ட், ப் முடிவுகள் உண்டு. அவையும் வெளியே வெடிக்காமல் வாய்க்குள்ளேயே நின்றுவிடும். ஆகவே சொல்லின் கடைசி மெய்யைத் துப்பிவிடச் சொல்லிப் பயிற்சி கொடுக்கிறார். வாய்க்கு முன்னால் ஒரு காகிதத் துண்டைப் பிடிக்க வேண்டும், அது ஆட வேண்டும். நோயாளிகளை ஊதச் சொல்லி மார்பைச் சோதித்தவன் நான். எனக்கு அந்த முறை பிடித்துப்போனது.

குடும்பப் படத்தைக் கொண்டுவரச் சொல்லிப் பாட்டியையும் மாமாவையும் மாறிமாறி விவரிக்க வைப்பதும் அப்படித்தான். மாண்டரின் பேச்சில் 'அவன்', 'அவள்' இரண்டுக்கும் ஒரே ஒலி என்பதால், பாட்டியைப் பற்றித் தொடங்கும் கதையில் மூன்றாவது வாக்கியத்திலேயே பாட்டி 'ஹீ' ஆகிவிடுவார்.

இங்கேதான் என் பேத்திக்குச் சிக்கல். தமிழ் பேசும் பிள்ளைக்கு வினை காலத்துக்கேற்ப மாறும் என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். அவன், அவள் குழப்பமும் கிடையாது. எனவே அந்த வாரங்கள் முழுக்க அவள் மேசை தட்டும் வேலையை மட்டும் செம்மையாகச் செய்தாள். அவளுடைய தவறுகள் வேறு இனம்: 'ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்' என்று எதற்கெடுத்தாலும் 'இங்' சேர்ப்பது, 'வி'க்கும் 'டபிள்யூ'வுக்கும் ஒரே உதடு. இவை அந்த வகுப்பில் யாருக்கும் இல்லாததால் யாரும் தொடவில்லை. 'எ', 'தி' இரண்டும் எங்கே வரும் என்ற பாடம் ஒன்றுதான் எல்லாருக்கும் பொதுவாக உதவியது. அந்த வசதி தமிழிலும் இல்லை, சீனத்திலும் இல்லை.

கடினமான இடம் வந்தால் ஆசிரியை மாண்டரினுக்குத் தாவிவிடுகிறார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பயிற்சித்தாளில் அருஞ்சொற்களுக்குச் சீனப் பொருள் மட்டும். வாட்ஸ்அப் குழுவில் விடுமுறை அறிவிப்பும் சீன எழுத்தில். ஒரு நாள் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு வீடு திரும்பினோம். இந்த வகுப்புக்கு மாதம் 80 வெள்ளி (ரிங்கிட்) வாங்கும் இடத்தில் இது சரியில்லை.

சனிக்கிழமை வகுப்பு முற்றிலும் வேறு. அங்கே ஆங்கிலம் மட்டும்தான். ஆசிரியையே மாண்டரின் பேசினால் 50 காசு உண்டியலில் போடுகிறார். பிள்ளைகளை இருவர் இருவராக உட்காரவைத்து வேலை கொடுக்கிறார். வாங்கிய தொலைபேசி பழுதென்று கடையில் முறையிடு. ரயில் நிலையத்திலிருந்து பசாருக்கு வழி சொல். கேட்பவர் ஊருக்குப் புதியவர், 'அங்கே போய் இப்படித் திரும்பு' என்று கையைக் காட்டக் கூடாது. மாற்றுக் கருத்தைச் சண்டை இல்லாமல் சொல். என் பேத்திக்கு ஜோடியாக வந்த, சீனர்கள் வாழும் புதுக்கிராமத்துப் பையன் முதலில் தலையை மட்டும் ஆட்டுவான். இவள் விடவில்லை, அவன் பதில் சொல்லாமல் அடுத்த கேள்விக்குப் போக முடியாதே. இப்போது அவன் பேச்சை நிறுத்துவதுதான் பாடு. துரைமாரிடம் நான் கற்ற ஆங்கிலத்தில் 'யெஸ் சார்' தவிர பதிலுக்கு இடமில்லை. கேள்வி கேட்கவும் மறுக்கவும் இந்தப் பிள்ளைகள் பதின்மூன்று வயதிலேயே பழகுவதைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

நம் ஊர்ப் பேச்சில் வாக்கியக் கடைசியில் ஒட்டும் 'லா'வைப் போடுவதை ஆசிரியை தடுப்பதில்லை. நண்பனிடம் போடு, நேர்முகத்தில் போடாதே என்கிறார். நல்ல புத்தி.

பேச்சு வகுப்பு எதற்கு, தேர்வுக்கு உதவுமா என்று கேட்பவர்களுக்கு: 2021 முதல் எஸ்.பி.எம். (படிவம் ஐந்து அரசுத் தேர்வு) ஆங்கிலத்தில் வாசிப்பு, எழுத்து, பேச்சு, கேட்டல் என நான்கு தாள்கள். பேச்சுக்கு மட்டும் கால் பங்கு மதிப்பெண். அந்தத் தாளின் கடைசிப் பகுதியில் இரண்டு மாணவர்கள் தங்களுக்குள் கலந்து பேச வேண்டும். படிவம் மூன்றில் எழுதிய பி.டி.3 தேர்வை 2022இல் எடுத்துவிட்டதால் படிவம் மூன்று வரை நெருக்கடி குறைவு. அந்த மூன்று ஆண்டுகள்தான் வாய் பழகும் காலம்.

ஆண்டுக் கடைசியில் மட்டும் இந்த மையமும் மற்ற மையங்களைப் போல் ஆகிவிடுகிறது. கட்டுரைக்குத் தயார் தொடக்கங்களை அச்சடித்துக் கொடுக்கிறார்கள். தலைப்பு 'என் செல்லப் பூனை' என்றாலும் வகுப்பு முழுக்க 'இன் திஸ் மாடர்ன் எரா ஆஃப் குளோபலைசேஷன்' என்றே எழுதுகிறது. பேத்தியிடம் அந்தத் தாளை எடுத்து வைத்துவிடச் சொன்னேன். "தாத்தா, அதற்கு மதிப்பெண் கிடைக்கிறதே" என்றாள். விட்டுவிட்டேன்.

சேர்ப்பவர்கள் சனிக்கிழமைக்கு மட்டும் கேளுங்கள், தனியாகவும் சேர்த்துக்கொள்கிறார்கள். மாதம் 60 வெள்ளி, தாள்களுக்கு ஆண்டுக்கு 30. பதினைந்து பேருக்கு மேல் எடுப்பதில்லை என்கிறார்கள், எண்ணிப் பார்த்ததில் சரிதான். மாடிப்படி செங்குத்து, கைப்பிடி ஒரு பக்கம்தான். மூட்டுவலி உள்ளவர்கள் கீழே கோப்பிக் கடையில் உட்காரலாம். அறிவிப்புகளை ஆங்கிலத்திலும் போடும்படி ஆசிரியையிடம் கேட்டேன். "நிச்சயமாக, அங்கிள்" என்றார். அடுத்தடுத்த இரண்டு அறிவிப்புகள் ஆங்கிலத்தில் வந்தன. மூன்றாவது மறுபடியும் சீனத்தில். புதுக்கிராமத்துப் பையன்தான் பேத்திக்கு ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினான், இறந்தகாலம் உட்பட எல்லாம் சரியாக.