பிளேன்ஸ்கேப் பெட்டி: ஐந்து மாதம் விளையாடிய பிறகு

கனடாவில் இருந்து அக்கா வந்தபோது சூட்கேசில் உடுப்புக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்த பெட்டி இது. "இந்தப் பாரத்துக்கு நாலு பால்மா பக்கெட் கொண்டு வந்திருக்கலாம்" என்று இன்னும் சொல்லிக்காட்டுகிறா. 2023 ஒக்டோபரில் வெளிவந்த 'பிளேன்ஸ்கேப்: அட்வென்சர்ஸ் இன் த மல்டிவர்ஸ்', மேசையைச் சுற்றி இருந்து ஆளுக்கொரு பாத்திரமாகக் கதை சொல்லி ஆடும் டஞ்சன்ஸ் அன்ட் டிராகன்ஸ் விளையாட்டின் வேற்றுலகங்களுக்கான தொகுதி. வெளிவந்தபோது அமெரிக்க விலை 84.99 டொலர். கிளிநொச்சியில் எந்தக் கடையில் கேட்டும் பிரயோசனம் இல்லை.

கரடிப்போக்கில் சின்னதாக ஒரு போட்டோக்கொப்பிக் கடை வைத்திருக்கிறேன். ஞாயிறு பின்னேரம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஐந்து பேர் இருந்து விளையாடுவோம். கதை நடத்துகிற டிஎம் நான். மற்ற நால்வரில் ஒருவன் என் மருமகன்.

பெட்டிக்குள் மூன்று புத்தகம்: நகரத்தையும் சுற்றுப்புறத்தையும் விவரிப்பது 96 பக்கம், கதை 96 பக்கம், பிராணிகள் 64 பக்கம். கூடவே டிஎம் மறைப்பு அட்டையும், இரண்டு பக்கமும் அச்சடித்த பெரிய வரைபடமும். வரைபடத்தை மெஷினுக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டினேன். கொப்பி எடுக்க வந்த ஐயா ஒருவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்து, "தம்பி, இது எந்தக் கோயில் எந்திரம்?" என்றார்.

அவர் கேட்டதிலும் பிழையில்லை. பதினாறு வெளியுலகங்கள் சக்கரம் மாதிரிச் சுற்றி நிற்க, நடுவில் அவுட்லாண்ட்ஸ் என்ற பொதுநிலம். அதன் மையத்தில் ஸ்பயர் என்ற மலைத்தூண். உயரத்துக்கு முடிவில்லை, ஆனால் உச்சி இருக்கிறது, அந்த உச்சிக்கு மேல் வளையமாகச் சிகில் நகரம். வளையத்தின் உள்பக்கத்தில்தான் வீடுகள். அண்ணாந்து பார்த்தால் வானம் தெரியாது, எதிர்ப்பக்கத்துக் கூரைகள் தெரியும். அம்மம்மாவுக்கு இதைச் சொன்னபோது "ஈரேழு பதினாலு லோகம் கேள்விப்பட்டிருக்கிறன், இதென்ன மூண்டு கூட?" என்றா. சிகிலை ஆளும் லேடி ஒஃப் பெயின் தன்னைக் கும்பிடுகிறவர்களைக் கொன்றுவிடுவாள் என்றதும் பேச்சை நிறுத்தி விபூதியை எடுத்துவிட்டா.

இந்தப் பெட்டியை வாங்க ஒரே காரணம் போதும், வாசல் ஊர்கள். பொதுநிலத்தின் ஓரத்தில், ஒவ்வோர் உலகத்துக்கும் போகிற வாசலைச் சுற்றி ஓர் ஊர். ஊரின் குணம் அப்பால் இருக்கிற உலகத்தின் குணத்தோடு அளவுக்கு மிஞ்சி ஒத்துப்போனால், ஊர் அப்படியே அந்தப் பக்கம் சரிந்துவிடும். நல்லவர்கள் கூடிப்போனாலும் ஊர் போய்விடும் என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி.

நாங்கள் அதிக நாள் நின்றது ஒட்டோமாட்டாவில். ஒழுங்கே உருவான மெக்கானஸ் உலகத்தின் வாசல் ஊர் அது. எல்லாத் தெருவும் நேர்கோடு, எல்லாத்துக்கும் சட்டம். எனக்குக் கற்பனை செய்ய ஒன்றும் மிச்சமிருக்கவில்லை. ஓர் அலுவலகத்தில் காணிப் படிவத்துக்காக நான் ஏழுதரம் அலைந்திருக்கிறேன், போதாததற்கு என் பிழைப்பே படிவத்துக்குப் பிரதி எடுப்பது. உண்மையாகவே ஒரு நுழைவுப் படிவம் தட்டச்சு செய்து, ஆளுக்கு மூன்று பிரதி நிரப்பச் சொன்னேன். எதுவும் மும்மூன்றாக வரும் என்பது பிளேன்ஸ்கேப்பின் பழைய விதி என்பதால் யாரும் வாய்திறக்க முடியவில்லை. ஊர் சரியாமல் இருக்கக் கொஞ்சம் குழப்பம் வேண்டும் என்று கண்டுபிடித்த மருமகன், மூன்றாவது பிரதியில் தகப்பன் பெயரில் ஓர் எழுத்தைப் பிழையாக எழுதினான். "இனி இந்த ஊர் ஒரு வருசத்துக்கு அசையாது மாமா" என்றான்.

சிகிலில் கதவு எங்கேயும் இருக்கலாம், வளைவோ யன்னலோ போதும். திறக்கச் சாவி வேண்டும். அது ஒரு பொருளாகவோ செயலாகவோ, ஒரு நினைப்பாகவோகூட இருக்கலாம். பெடியளுக்கு இது பிடிபட நேரம் எடுத்தது. எனக்கு எடுக்கவில்லை. 2002இல் ஏ9 வீதி திறந்த பிறகு, வவுனியாவில் இருந்து வரும்போது ஓமந்தைச் சோதனைச் சாவடியில் இறங்கி வரிசை, சூனியப் பிரதேசத்தைத் தாண்டிப் புளியங்குளத்தில் திரும்பவும் இறங்கி வரிசை. அம்மா அடையாள அட்டையைச் சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருப்பா. கையில் இருப்பது சரியான சாவியோ என்று கடைசி நிமிடம்வரை தெரியாது.

சாவி யோசிக்கும் வேலையைப் பிறகு அவர்களிடமே விட்டேன். முல்லைத்தீவுப் பிள்ளை ஒருத்தி, "கடல்நீரில் எரியிற விளக்கு" என்றாள். வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்குக் கடல்நீரில் விளக்கெரிப்பதை நினைத்துத்தான் சொன்னாள். மேசையில் எல்லோருக்கும் உடனே விளங்கியது. புத்தகம் தந்த எந்தச் சாவிக்கும் அப்படி ஓர் அமைதி வரவில்லை.

குறை என்றால், எல்லாம் அவசரம். வாசல் ஊருக்குத் தந்த இடம் காணாது, வாசித்துச் சூடேறுகிற நேரம் அடுத்த ஊர் வந்துவிடுகிறது. சிகிலின் தெருக்களை நீங்களேதான் நிரப்ப வேண்டும். 1994இல் வந்த பழைய பெட்டியில் டோனி டிடெர்லிசி கீறிய படங்களில் இருந்த ஊத்தையும் துருவும் இதில் இல்லை, எல்லாம் கழுவித் துடைத்த மாதிரி. கதை, பாத்திரங்களின் பலம் மூன்றாம் லெவலில் இருக்கத் தொடங்கிப் பத்துக்குப் போய், அங்கிருந்து ஒரே பாய்ச்சலில் பதினேழு. ஞாபகம் இழந்து பிணவறையில் கண் விழிக்கும் தொடக்கம் அருமை. செத்தால் அதே ஆளின் வேறொரு வடிவம் வந்து தொடரும் விதியை என் ஆட்கள் மிச்சம் ரசித்தார்கள், அதன்பிறகு யாரும் சாகப் பயப்படவில்லை என்பது வேறு கதை.

ரைகஸ் என்ற ஊரை நான் தொடவில்லை. அதன் வாசல் அகெரோனுக்குப் போகிறது. வெறுவெளியில் பிரமாண்டமான இரும்புக் கனசதுரங்கள் ஒன்றோடொன்று மோதும், அவற்றின் மேல் படைகள் முடிவில்லாமல் சண்டை பிடிக்கும். மேசையில் இருப்பவர்கள் 2009இல் எங்கே இருந்தார்கள் என்று எனக்குத் தெரியும். அந்தப் பக்கங்களைச் சேர்த்துப் புரட்டினேன். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை.

விளையாட்டுக்குப் புதியவர்கள் முதலில் அடிப்படை விதிநூலை வாங்குங்கள், இதற்குப் பிறகு வரலாம். ஏற்கனவே விளையாடுகிறவர்கள், சொந்தமாக நிரப்பப் பஞ்சியில்லை என்றால் எடுக்கலாம். பார்க்க விரும்பினால் கடைக்கு வாருங்கள், இருந்து வாசிக்கலாம், தேத்தண்ணீரும் கிடைக்கும். கொப்பி மட்டும் எடுத்துத் தரமாட்டேன்.