களஞ்சியத்தின் கூரை வேலையில் நாங்கள் ஏமாந்த விதம்: ஓர் எச்சரிக்கை

மாங்குளத்துக்கும் கிளிநொச்சிக்கும் இடையில், ஏ9 வீதியிலிருந்து சற்று உள்ளே இருக்கும் ஒரு பழைய நெற்களஞ்சியத்தை எங்கள் ஊழியம் கடந்த ஆண்டு வாங்கியது. வாடகை வீடுகளில் சிதறியிருந்த அலுவலகத்தையும் சிறுவர் வகுப்புகளையும் ஜெபக்கூடத்தையும் அங்கே கொண்டுவந்து, அதனைத் தலைமையகமாக்குவதே நோக்கம். பொருளாளர் என்ற வகையில் பணத்தை எண்ணிக் கொடுத்தவன் நான். எங்கள் கூரையைப் போட்ட அதே ஒப்பந்தகாரர் பரந்தன் பக்கத்தில் இன்னொரு களஞ்சியத்தை அளந்து சென்றிருப்பதாகக் கடந்த வாரம் அறிந்ததால் இதனை எழுதுகிறேன்.

கட்டடத்தின் கூரையை எட்டு இரும்புக் கேடர்கள், அதாவது பாரந்தாங்கும் விட்டங்கள், தாங்கி நின்றன. இறுதிப் போரின்போது விழுந்த ஷெல் சிதறல்கள் அவற்றில் இரண்டைத் துளைத்திருந்தன. ஒப்பந்தகாரர் ஏணியில் ஏறி, ஒரு துளைக்குள் சுண்டுவிரலை விட்டுக் காட்டி, "ஐயா, ஷெல் பட்ட இரும்பு பாரம் தாங்காது, பிள்ளைகள் இருக்கப்போற இடம்" என்றார். எட்டையும் கழற்றிவிட்டுப் பொக்ஸ் பார் எனப்படும் சதுர இரும்புக் குழாயில் புதிய கூரைச் சட்டம் அடிப்பதென்றும், பழைய இரும்பை அவரே எடுத்துக்கொண்டு அதன் பெறுமதியைக் கூலியில் கழிப்பதென்றும் பேசி முடித்தோம். போதகர் ஜெபித்து முடித்தபோது எங்கள் எல்லோரையும்விட உரக்க "ஸ்தோத்திரம்" சொன்னவரும் அவரே.

முற்பணமாக எட்டு லட்சமும், சட்டம் ஏறியதும் ஆறு லட்சமும் கொடுத்தோம். அதில் ஒரு பகுதி, காலபோக நெல் அறுவடை முடிந்ததும் குடும்பங்கள் மூட்டையாகக் கொண்டுவந்து வைத்த முதற்பலன் காணிக்கை.

லொறியில் ஏறிப் போனவை ஆறு கேடர்கள். துளைபட்ட இரண்டையும் "பிறகு எடுக்கிறேன்" என்று வேலியோரம் போட்டுவிட்டுப் போனார். பழுதென்று காட்டியவை எங்களிடமே கிடக்க, குறையில்லாத ஆறும் ஏன் முதலில் போயின என்று எங்களில் எவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

ஐப்பசி மழை பிடித்த முதல் கிழமையே கூரையின் நடுப்பகுதி தொய்ந்து, தகரங்களின் பொருத்து விலகி, வகுப்பறையாகப் பிரித்த இடத்தில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. யன்னல் கிறில் வேலை செய்யும் எங்கள் சபைத் தம்பி ஒருவர், மிச்சமாகக் கிடந்த குழாய்த் துண்டொன்றின் வாயில் பெயின்றைச் சுரண்டிவிட்டு அளவுகோலைப் பிடித்தார். 2 மில்லிமீற்றர் தடிப்பு என்று பேசியது 1.2 ஆக இருந்தது. இரண்டு அங்குலச் சதுரக் குழாய் இருபது அடி நீளத்தில், 2 மில்லிமீற்றர் தடிப்பென்றால் ஏறத்தாழ 18 கிலோ நிறுக்கும், 1.2 என்றால் 11 கிலோதான். குழாய்கள் வந்து இறங்கிய அன்றே ஒன்றைத் தராசில் வைத்திருந்தால் விஷயம் அங்கேயே வெளித்திருக்கும்.

அதே மழையில் பின்வளவு மண் கரைந்து, உடைந்த அஸ்பெஸ்டஸ் சீற்றுகள் மேலே வந்தன. கூரையிலிருந்து கழற்றிய பழைய சீற்றுகளைத் தூசு அடங்க நனைக்காமல் சுத்தியலால் உடைத்து, சிறுவர் விளையாடுவதற்கென ஒதுக்கிய இடத்திலேயே புதைத்திருந்தார்கள். எல்லா வகை அஸ்பெஸ்டசும் புற்றுநோயை உண்டாக்கும் என்பது உலக சுகாதார அமைப்பின் நிலைப்பாடு. பணத்தைவிட இதுவே எனக்கு ஆறாத கோபம்.

பிணக்குகளைப் பேசித் தீர்த்துவைக்கும் மத்தியஸ்த சபைக்கு முறையிட்டோம். இரண்டாம் தவணைக்கு வந்த ஒப்பந்தகாரர், நாங்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை எடுத்து, "நல்ல தரமான இரும்பு" என்ற வரியை நிதானமாக வாசித்துக் காட்டினார். தடிப்பு எத்தனை மில்லிமீற்றர் என்றோ, பழைய இரும்பின் நிறை எவ்வளவு என்றோ அதில் ஒரு சொல்லும் இல்லை. பழைய கட்டடத்துக்குப் பிரதேச சபை அனுமதி எதற்கு என்று அவர் சொன்னதை நம்பி, நாங்கள் வரைபடமும் கீறுவிக்கவில்லை. கீறுவித்திருந்தால் தடிப்பு அதிலாவது எழுதப்பட்டிருக்கும். இணக்கம் ஏற்படவில்லை என்ற சான்றிதழோடு திரும்பினோம். வழக்குக்கு ஆயத்தப்படுத்துகிறோம்.

பரந்தனில் அவரோடு பேசிக்கொண்டிருப்பவர்கள் கையெழுத்திடும் முன் எங்கள் வளவுக்கு வந்து பார்க்கலாம். ஒப்பந்தத்தின் பிரதி, பற்றுச்சீட்டுகள், அந்தக் குழாய்த் துண்டு எல்லாம் என்னிடம் இருக்கின்றன. வேலியோரம் கிடந்த இரண்டு கேடர்களையும் அந்தத் தம்பி துளைகளுக்கு மேல் தகடு வைத்து வெல்டிங்கில் ஒட்டி, கூரையின் முன்பகுதியில் ஏற்றிவிட்டார். மற்றப் பகுதி இன்னும் தறப்பாளின் கீழ்தான்.