பினாங்கிலிருந்து ஹாட் யாய் சென்று மாலைக்குள் திரும்புதல்: நான்கு முத்திரைகளுக்கான ஒரு ரயில் பயணம்

மகளின் பேறுகாலத்துக்காகப் பினாங்குக்குச் செல்லும் தமிழ்நாட்டுப் பெற்றோருக்கு விமானச்சீட்டின் விலையைவிடப் பெரிய சிக்கல் முப்பது என்ற எண்தான். இந்தியக் குடிமக்கள் விசா இன்றி முப்பது நாள் தங்கலாம் என்று மலேசிய அரசு 2023 டிசம்பர் 1 முதல் சலுகை அளித்து, பின்னர் அதனை 2026 டிசம்பர் 31 வரை நீட்டித்திருக்கிறது. 2024 டிசம்பரில் சென்னைக்கும் பினாங்குக்கும் இடையே இண்டிகோவின் நேரடி விமானமும் வந்துவிட்டதால், எங்களைப் போன்ற தாத்தா பாட்டிமாரின் வரத்து கூடியிருக்கிறது. ஆனால் குழந்தைக்கு முப்பது நாள் தீட்டுக் கழிவதற்குள் பாட்டியின் அனுமதிக் காலம் கழிந்துவிடுகிறது. 2025 ஆகஸ்டில் எங்களுக்கும் அதுவே நேர்ந்தது. எல்லையைத் தாண்டித் தாய்லாந்தின் ஹாட் யாய் நகருக்குப் போய் அன்றே திரும்பி வருவதற்கு, வழக்கில் சொல்லும் ‘விசா ரன்’னுக்கு, முகவர் வேனை நாடாமல் படகிலும் ரயிலிலும் நாங்களே சென்று வந்தோம். அந்த வழியைப் பற்றிய மதிப்பீடு இது.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். வெளியே போய்த் திரும்பினால் இன்னொரு முப்பது நாள் கிடைக்கும் என்பது நடைமுறையே தவிர உரிமை அன்று. திரும்பி வரும்போது முத்திரை இடுவதும் மறுப்பதும், எத்தனை நாள் என்று எழுதுவதும் சாளரத்துக்குப் பின்னால் அமர்ந்திருக்கும் அதிகாரியின் விருப்புரிமை. அனுமதி முடிந்த பின்னும் தங்கியிருப்பதோ 1959/63 ஆம் ஆண்டுக் குடிநுழைவுச் சட்டத்தின்படி சிறைவரை கொண்டுபோகக்கூடிய குற்றம். ஆகவே முப்பதாம் நாள்வரை காத்திருக்காமல் இருபத்தாறாம் நாளிலேயே கிளம்பினோம். ஏதேனும் தவறினால் ஊருக்குத் திரும்பும் விமானத்தைப் பிடிக்க நான்கு நாளாவது கையில் இருக்க வேண்டும் என்பது என் கணக்கு. சென்னைக்குத் திரும்பும் பயணச்சீட்டின் அச்சுப்படி, பேரனின் பிறப்புச் சான்றிதழின் நகல், மகள் எழுதிய கடிதம், அவளுடைய வேலை அனுமதியின் நகல் ஆகியவற்றை ஓர் உறையில் போட்டு எடுத்துக்கொண்டோம். (குடிநுழைவு என்பது மலேசியத் தமிழர் வழங்கும் சொல். பாஸ்போர்ட்டைக் கடப்பிதழ் என்கிறார்கள். இரண்டுமே நம்மிடம் உள்ளவற்றைவிட நல்ல சொற்கள் என்று எனக்குத் தோன்றியது.)

பயணத்துக்கு முன்னால் வீட்டிலேயே முடிக்க வேண்டிய வேலை இரண்டு படிவங்கள். தாய்லாந்து 2025 மே 1 முதல் மின்னணு வருகை அட்டையைக் கட்டாயமாக்கியிருக்கிறது. மலேசியாவுக்கும் அதுபோன்ற ஓர் அட்டை உண்டு. இரண்டையும் அந்தந்த நாட்டுக்குள் நுழைவதற்கு முந்திய மூன்று நாள்களுக்குள் நிரப்ப வேண்டும். பலர் தடுமாறுவது இரண்டாவதில்தான். சென்னையிலிருந்து வரும்போது ஒரு முறை நிரப்பிவிட்டோமே என்று இருந்துவிடுகிறார்கள். ஆனால் மாலையில் திரும்பி வருவது புதிய வருகை, அதற்குப் புதிய அட்டை வேண்டும். ஒரே நாள் பயணம் என்பதால் இரண்டையும் முந்திய இரவே நிரப்பிவிடலாம். இரண்டுக்குமே கட்டணம் கிடையாது. தேடுபொறியில் முதலில் வந்த ஒரு பக்கத்தில் நான் பாதிவரை நிரப்பிய பிறகுதான் அது பணம் கேட்டது. அரசுக்குச் சம்பந்தமில்லாத பக்கம் அது என்று மகள் வந்து பார்த்துச் சொன்னாள்.

மகளின் வீடு ஜார்ஜ்டவுனில் படகுத்துறைக்கு நடந்து போகும் தொலைவில் இருக்கிறது. மலேசியக் கடிகாரம் சூரியனைவிட முந்தி ஓடுவதால் காலை ஏழு மணிக்குத்தான் வெளிச்சம் வருகிறது. நாங்கள் படகேறியபோது கடல் இருட்டாகவே இருந்தது. ஆளுக்கு 2 ரிங்கிட் கட்டணம், கால் மணி நேரத்துக்குள் மறுகரை. பட்டர்வொர்த் படகுத்துறை, பினாங்கு சென்ட்ரல் பேருந்து நிலையம், ரயில் நிலையம் மூன்றும் ஒன்றையொன்று ஒட்டி, நடைபாதையால் இணைக்கப்பட்டிருக்கின்றன. முழங்கால் வலியுள்ள என் மனைவி இந்தப் பயணத்தில் முதல் பாராட்டை அந்த நடைபாதைக்குத்தான் வழங்கினாள்.

பட்டர்வொர்த்திலிருந்து எல்லையிலுள்ள பாடாங் பெசார் வரை மலேசிய ரயில்வேயான கேடிஎம்மின் ‘கொமுட்டர்’ மின்ரயில் ஓடுகிறது. ஈப்போவிலிருந்து எல்லை வரையிலான இரட்டை மின்பாதை 2014-இல் முடிந்த பிறகு வந்த சேவை இது. கட்டணம் ஆளுக்கு 11 ரிங்கிட் 40 சென்; இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவான பயணம்; இருக்கை முன்பதிவு இல்லை. அகலப்பாதை வருமுன் காரைக்குடியில் ஓடிய அதே மீட்டர் கேஜ் அளவுதான் இங்கும், எல்லைக்கு அப்பால் தாய்லாந்திலும். அந்தக் குறுகிய பாதையில் இவ்வளவு அதிர்வின்றியும் விரைவாகவும் ஒரு வண்டி போக முடியும் என்பதை நம் ஊர்ப் பாசஞ்சரில் வளர்ந்தவர்களால் எளிதில் நம்ப முடியாது. சுங்கை பட்டாணியைத் தாண்டியதும் இடப்பக்கம் ஜெராய் மலை எழுகிறது. அதன் அடிவாரத்தில்தான் பூஜாங் பள்ளத்தாக்கின் பழைய கோயில் எச்சங்கள் இருக்கின்றன. கெடா என்று பெயர்ப்பலகையில் படிப்பது நம் மெய்க்கீர்த்திகள் சொல்லும் கடாரம். இராசேந்திரன் படை வந்தது 1025-இல் என்றால், சரியாக ஆயிரம் ஆண்டு கழித்து அதே நிலத்தின் வழியாக நாங்கள் முப்பது நாள் அனுமதி கேட்கப் போய்க்கொண்டிருந்தோம். அலோர் ஸ்டாரைச் சுற்றி கண்ணுக்கெட்டிய வரை நெல்வயல். பெர்லிஸ் மாநிலத்துக்குள் நுழைந்ததும் சுண்ணாம்புக் குன்றுகள் அங்கங்கே முளைக்கின்றன.

இந்த வழியின் உண்மையான சிறப்பு பாடாங் பெசார் நிலையம்தான். அது மலேசிய மண்ணில் இருக்கிறது. ஆனால் மலேசியக் குடிநுழைவுச் சாளரமும் தாய்லாந்துக் குடிநுழைவுச் சாளரமும் அந்த ஒரே நிலையத்துக்குள் அடுத்தடுத்து அமைந்திருக்கின்றன. கொமுட்டரிலிருந்து இறங்கி, மாடிக்கு ஏறி, ஹாட் யாய்க்குச் செல்லும் தாய்லாந்து ரயிலுக்குச் சீட்டு வாங்கி, மீண்டும் கீழே இறங்கினால் முதல் சாளரத்தில் மலேசியாவை விட்டு வெளியேறுகிறோம், சில அடி தள்ளி அடுத்த சாளரத்தில் தாய்லாந்துக்குள் நுழைகிறோம், அதற்கும் அப்பால் ரயில் நிற்கிறது. சாலை வழியாகப் போகிறவர்கள் இரண்டு சோதனைச் சாவடிகளுக்கும் இடைப்பட்ட தூரத்தை வெயிலில் கடக்க வேண்டும். மூட்டுவலிக்காரர்களுக்கும் வயதானவர்களுக்கும் நிலையத்துக்குள் நடக்கும் இந்த ஏற்பாடு ஒரு வரம். முன்பு பாங்காக் விரைவு வண்டி பட்டர்வொர்த் வரையே வந்துகொண்டிருந்தது. 2016 டிசம்பரோடு அது பாடாங் பெசாருடன் நின்றுவிட்டதால் இப்போது எல்லோரும் இங்கே வண்டி மாறியாக வேண்டும்.

பலவீனமும் அங்கேதான். ஹாட் யாய்க்கும் பாடாங் பெசாருக்கும் இடையிலான குறுந்தொலைவு ரயில் காலையில் ஒன்று, பிற்பகலில் ஒன்று என நாளொன்றுக்கு இரண்டு தடவையே ஓடுகிறது. காலை வண்டியில் போய்ப் பிற்பகல் வண்டியில் திரும்பினால் எல்லாம் அச்சுப்போலப் பொருந்துகிறது; காலை வண்டியைத் தவறவிட்டால் ஒரே நாள் திட்டம் உடைந்துவிடும். ஆகவே பட்டர்வொர்த்தில் எந்தக் கொமுட்டரைப் பிடிப்பது என்பதைத் தாய்லாந்து ரயிலின் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். இரண்டு நாட்டு அட்டவணைகளும் மாறக்கூடியவை என்பதால் முந்திய நாள் மறுபடியும் பார்த்துக்கொள்வது நல்லது.

அந்தக் கணக்கில் ஒரு கண்ணி உண்டு. தாய்லாந்து மலேசியாவைவிட ஒரு மணி நேரம் பின்தங்கியது. பாடாங் பெசாரிலிருந்து புறப்படும் தாய்லாந்து ரயிலின் நேரம், நிலையம் மலேசியாவில் இருந்தாலும், தாய்லாந்துக் கணக்கிலேயே அட்டவணையில் இருக்கிறது. எட்டு ஐம்பத்தைந்து என்றிருந்தால் மலேசியக் கடிகாரத்தில் அது ஒன்பது ஐம்பத்தைந்து. “என்னங்க, வண்டி போயிருச்சா?” என்று என் மனைவி பதறியது இதைப் பார்த்துத்தான். போகும்போது பதற்றத்தோடு முடிந்துவிடும் இந்தக் குழப்பம் திரும்பும்போது வினையாகலாம். ஹாட் யாயில் பிற்பகல் ஒரு மணி என்றால் கொமுட்டருக்குக் காத்திருக்கும் ஊரில் அது இரண்டு மணி. எல்லையில் கைப்பேசி எந்தக் கோபுரத்தைப் பிடிக்கிறதோ அந்த நாட்டு நேரத்தைக் காட்டும் என்பதால் அதையும் நம்ப முடியாது. நான் என் பழைய எச்எம்டி கைக்கடிகாரத்தை மலேசிய நேரத்திலேயே விட்டுவைத்து, அதை மட்டுமே நம்பினேன்.

தாய்லாந்து ரயிலின் கட்டணம் அந்நாட்டு நாணயத்தில் நூறு ‘பாட்’டுக்கும் குறைவு, ஏறத்தாழ ஒரு மணி நேரம், மின்விசிறியும் திறந்த சன்னலும் உள்ள பெட்டி, ரப்பர் தோட்டங்கள். ஹாட் யாய் நிலையம் ஊரின் நடுவிலேயே இருக்கிறது. கிடைத்த மூன்று மணி நேரத்தில் கிம் யோங் சந்தைக்கு நடந்து போய் முந்திரியும் உலர்பழமும் வாங்கினோம். சைவம் உண்பவர்கள் மஞ்சள் பலகையில் சிவப்பு எழுத்தாக ‘ஜே’ என்ற குறி உள்ள கடையைத் தேடினால் போதும். வெங்காயமும் பூண்டும்கூடச் சேராத உணவு கிடைக்கும். அதற்குமேல் அந்த ஊரைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. கண் முழுவதும் கடிகாரத்தில்தான் இருந்தது.

திரும்பும்போதுதான் மனம் சற்று அடித்துக்கொண்டது. பாடாங் பெசாரில் தாய்லாந்து முத்திரை ஒரு நிமிடத்தில் விழுந்தது. மலேசியச் சாளரத்தில் இரண்டு ஆள்காட்டி விரல்களையும் கருவியில் வைக்கச் சொன்னார்கள்; நாற்பது ஆண்டு பாத்திரம் தேய்த்த என் மனைவியின் ரேகையைக் கருவி எளிதில் ஒப்புக்கொள்ளவில்லை, கைக்குட்டையை நனைத்துத் துடைத்த பிறகுதான் பதிந்தது. காலையில் போய் மாலையில் ஏன் திரும்புகிறீர்கள் என்று அதிகாரி கேட்டார். சுற்றுலா என்று கதைகட்டாமல், பேரன் பிறந்திருக்கிறான், இன்னும் பதினெட்டு நாளில் ஊருக்குத் திரும்புகிறோம் என்று உள்ளதைச் சொல்லி உறையை நீட்டினேன். அவர் திரும்பும் விமானச்சீட்டின் தேதியை மட்டும் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு முப்பது நாளுக்கு முத்திரை குத்தினார். அங்கேயே நின்று முத்திரையின் தேதியைச் சரிபார்த்துவிட்டுத்தான் நகர வேண்டும். வெளியே வந்தபின் திருத்தம் கேட்பது கடினம். மாலை ஆறரைக்குள் வீட்டில் இருந்தோம்.

சாப்பாடு நீங்கலாக ஆளுக்கு ஐம்பது ரிங்கிட்டைத் தாண்டவில்லை. வேனில் அழைத்துப்போவதாகச் சொன்ன முகவர் ஒருவர் கேட்டது அதைப்போல் ஐந்து மடங்கு. போதாக்குறைக்கு, “உள்ளே ஆள் இருக்கிறார், கேள்வியே வராது” என்றும் சொன்னார். விலையைவிட அந்தப் பேச்சுதான் எங்களை ரயிலின் பக்கம் தள்ளியது.

பாதுகாப்பைப் பற்றி மறைக்காமல் சொல்ல வேண்டும். தாய்லாந்தின் தென்கோடி மாநிலங்களில் நீண்டகாலமாக நடக்கும் கிளர்ச்சியின் காரணமாக, ஹாட் யாய்–பாடாங் பெசார் ரயில் பாதையில் இன்றியமையாத பயணங்களைத் தவிர மற்றவற்றைத் தவிர்க்கும்படி பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சகம் தன் குடிமக்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. நாங்கள் கண்டது பள்ளிப் பிள்ளைகளும் சந்தைக் கூடைகளும்தான். ஆனாலும் பயணக் காப்பீடு எடுத்திருப்பவர்கள் அதன் நிபந்தனைகளைப் படித்துவிட்டுப் போக வேண்டும். பருவமும் முக்கியம். 2025 நவம்பர் இறுதியில் ஹாட் யாய் பெருவெள்ளத்தில் மூழ்கியது. நவம்பர், டிசம்பரில் இந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

உண்மையான காரணமும் திரும்பும் சீட்டும் உள்ளவர்கள் ஒரு முறை செய்வதற்கு இந்த வழிக்கு ஐந்துக்கு நான்கு தருவேன். குறைத்த ஒன்று அந்த இரண்டே ரயில்களுக்காக. இரண்டாம் முறைக்கு மதிப்பெண் கிடையாது. தாய்லாந்தே விசா விலக்கில் தரைவழியாக நுழைவதை ஓர் ஆண்டுக்கு இருமுறை என்று வரையறுத்திருக்கிறது. மலேசிய அதிகாரியும் கடப்பிதழில் முந்திய முத்திரையைப் பார்க்கத்தான் செய்வார். மகளின் பக்கத்து வீட்டுக்கு மருமகளைப் பார்க்க வந்திருந்த திருச்சி அம்மையார் ஒருவர், “போன மாசம் வேனில் போய் வந்தேன், இந்த மாசம் உங்க ரயிலில் போகட்டுமா ஐயா?” என்று கேட்டார். நாள் முடிவதற்கு இரண்டு வாரம் இருக்கும்போதே குடிநுழைவு அலுவலகத்துக்கு மகனை அழைத்துக்கொண்டு போய் நீட்டிப்புக்கு வழியுண்டா என்று கேட்கும்படியும், இல்லை என்றால் விமானத்தை முன்தேதிக்கு மாற்றிவிடும்படியும் சொன்னேன்.